தோரண வாசலுக்கு இடப்பக்கம்

"குடை வேண்டாங்க. மேலே காத்து குடையையும் பிடுங்கும், உங்களையும் பிடுங்கும். மழைக்கோட்டு இருந்தா போட்டுக்கோங்க. தண்ணி இங்கேயே பிடிச்சுக்கோங்க, நடுவுல ஒரே ஒரு ஊத்துதான். மேகம் இறங்கிடுச்சுன்னா நடக்கவே நடக்காதீங்க. இருந்த இடத்துலயே உக்காந்து மணியை ஆட்டுங்க. யாராவது வருவாங்க."

நோபுயோ இதைச் சொல்லும்போது அவள் விரல் வரைபடத்தின்மேல் தானாக ஓடும். கண்ணோ எதிரில் நிற்பவரின் செருப்பைப் பார்க்கும். ஷிராஓ மலையடிவாரத்தில், பேருந்து வந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தில், ஓய்வுக்கூடத்து மேசைக்குப் பின்னால் அவள் உட்கார ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லுவாள்.

பட்டணத்துப் பெண்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். புதுக் கைத்தடி, புதுத் தொப்பி, உதட்டுச் சாயம். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் வழிதவறி மலைக்கு வந்துவிட்டார்கள் போல.

"ஏங்க, கரடி நெஜமாவே வருமா?"

"வரும். மணி கட்டிக்கிட்டா ஒதுங்கிப் போயிடும்."

"கட்டலைன்னா?"

"அப்பவும் பெரும்பாலும் ஒதுங்கிப் போயிடும்."

"பெரும்பாலுமா! அடியே, எனக்கு ரெண்டு மணி எடு."

"மேலே சாமி எப்படி இருக்கும்? சிலையா, கல்லா?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"அதைச் சொல்லக்கூடாதுங்க. நீங்களும் பாத்துட்டு வந்து யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலணியைக் கழட்டிட்டு வெறுங்காலோட போகணும். போட்டோ கூடாது. கல்லு, இலை எதையும் எடுத்துட்டு வரக்கூடாது."

"ஒரு கூழாங்கல்லு கூடவா?"

"கூழாங்கல்லுகூட. போன வருஷம் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார். மறு மாசமே தபால்ல திரும்பி வந்துச்சு, பஞ்செல்லாம் சுத்தி, பொட்டியில போட்டு."

நாலு பேரும் சிரித்தார்கள். நோபுயோவும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அது, பல வருஷமாக அங்கேதான் சிரிக்கிறாள். அவர்கள் மணியைக் கிணுகிணுவென்று ஆட்டிக்கொண்டு வெளியே போனார்கள். இந்த அம்மாளின் புருஷன் ஒரு மாசத்துக்கு முன்னால் இதே மலைக்குப் போய் இன்னும் இறங்கி வரவில்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொன்னால் ஏறுவார்களா?

நோபுயோ கடற்கரை ஊர்க்காரி. மீன் காயப்போடும் வீட்டில் பிறந்தவள். தெய்ஜிக்கு வாழ்க்கைப்பட்டு இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்தாள். அவள் மலை உச்சிக்குப் போனது ஒரே தடவை, கல்யாணமான புதிதில், தெய்ஜியின் கையைப் பிடித்துக்கொண்டு. இறங்கும்போது முழங்கால் வீங்கி, பாதி வழி அவன் முதுகில் வந்தாள். அதற்கப்புறம் மலையைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டாள். ஓய்வுக்கூடத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது, பேச்சில் தெளிவு உண்டு, குரலில் அவசரம் கிடையாது என்று இவளை உட்காரவைத்தார்கள்.

தெய்ஜிக்கு அன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

"மீன்காரி மலைக்கு வழி சொல்றா! அப்ப நாளைக்குக் கரடி கடற்கரையில உக்காந்து படகுக்கு வழி சொல்லும்."

"சிரிங்க, சிரிங்க. அந்த மணியைக் கட்டிக்கிட்டுச் சிரிங்க."

"எனக்கெதுக்குடி மணி? என் காலடிச் சத்தம் கேட்டாலே, 'டேய், தெய்ஜி வர்றான், வழியை விடு'ன்னு கரடிங்க பேசிக்கும்."

அவன் தொழில் சுமை தூக்குவது. உச்சிக் கோயிலை ஒட்டிய குடிலில் பூசாரிகளும் சில பக்தர்களும் தங்குவார்கள். அவர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், சூப்புக்குக் கரைக்கும் மிசோ விழுது, காய் எல்லாம் முதுகுச் சட்டத்தில் கட்டி ஏற்றிப்போவான். வெயில் காலம் முழுக்க இதுதான். அவன் மணி வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அது அங்கே தொங்குவதற்காகவே வாங்கின மாதிரி.

அவனை மட்டும் சொல்லி என்ன? இந்த ஊரே அப்படித்தான். ஊருக்குத்தானே உபதேசம்! விடுதிக்காரர் ரப்பர் செருப்போடு ஊற்று வரைக்கும் போய்வருவார். பெரிய பூசாரி, 'ஓடைவழி இறங்காதீர்கள்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, நேரமாகிவிட்டால் அதே ஓடைவழியில் இறங்குவார். மலை நமக்குச் சொந்தக்காரன், நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒரு நினைப்பு. மலைக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. இது தெரிந்தும் நினைப்பை விடுகிறார்களா?

கோடைத் திருநாளுக்கு வீடு வந்த முன்னோர்களை வழியனுப்ப மூட்டும் தீ அணைந்த மறுநாள் காலை அது. தெய்ஜி மிசோ சூப்பைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"உப்பு கூடிப்போச்சுடி."

"நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."

இவ்வளவுதான். அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனான். குடிலில் இறக்கிவைத்து, தேநீர் குடித்து, மதியம் கிளம்பியிருக்கிறான். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது.

தேடிப்போனவர்கள் ஊற்றுக்குக் கீழே ஒரு பாறையில் அவன் முதுகுச் சட்டம் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தார்கள். கயிறு அழகாகச் சுருட்டியிருந்தது. துண்டு மடித்துப் போட்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் திரும்பி வருகிறவன் வைக்கிற மாதிரி. எதற்கு ஒதுங்கினான்? காளானைக் கண்டானா, யாராவது கூப்பிட்ட மாதிரி இருந்ததா, யாருக்குத் தெரியும்! நாய் போனது. மேகம் விலகினதும் ஹெலிகாப்டர் வந்தது. ஊர் ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள். மலை மூங்கில் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. கடைசியில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பனி உருகினப்புறம் மறுபடி பாக்கலாம்மா" என்றார். பனி இன்னும் விழவே ஆரம்பிக்கவில்லை. அவர் சொன்னதன் அர்த்தம் அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. நோபுயோ, "ரொம்பச் சிரமப்பட்டீங்க" என்று குனிந்து வணங்கி, எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அதிலிருந்து அவள் அப்படித்தான் இருக்கிறாள். வெகுநேரம் மண்டிபோட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். கிள்ளினால் தெரியாது, ஊன்றினால் தரை தெரியாது. அவள் ஆளே அப்படி ஆகிவிட்டாள். சோறு வடித்தாள், சாப்பிட்டாள். சூப்பில் உப்பைக் குறைத்துப் போட்டாள். அவன் கிண்ணத்தையும் எடுத்துவைத்தாள், பிறகு கழுவிக் கவிழ்த்தாள். ஒரு வாரத்தில் மேசைக்குத் திரும்பி, 'குடை வேண்டாங்க' என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"புருஷன் போயும் கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாத்தியா. கடல்காரிக்கு நெஞ்சும் உப்புக்கண்டம்."

"போயிட்டான்னு யாரு சொன்னா? நீ சொல்றியா?"

"ஐயோ, நான் ஏன் சொல்றேன்! நான் ஒண்ணும் சொல்லலப்பா."

இதுதான் விஷயம். யாரும் சொல்லவில்லை. மலையில் கண்டதைச் சொல்லாதே என்பது சாமி போட்ட விதி. இவர்கள் அதைத் தெய்ஜிக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். 'செத்துப்போனான்' என்ற சொல்லை ஊரில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நோபுயோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லித்தான் ஆகவேண்டிய காலமும் நெருங்கிவிட்டது. மலையைச் சாத்தும் திருவிழா வந்துகொண்டிருந்தது. உச்சியிலிருந்து சாமியைப் பல்லக்கில் இறக்கி, அடிவாரக் கோயிலில் வைப்பார்கள். அதற்கப்புறம் பாதையில் கயிறு கட்டிவிடுவார்கள். அடுத்த கோடை வரைக்கும் ஈ, காக்காய் ஏறாது. பல்லக்கின் முன்பக்க இடது கம்பு தலைமுறை தலைமுறையாகத் தெய்ஜி வீட்டுக்கு. தெய்ஜி இல்லையென்றால் அவன் தம்பி ஷூகிச்சி. ஆனால் சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் சாமி காரியம் எதையும் தொடக்கூடாது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நிற்கும் தோரண வாசலுக்குக் கீழே நடக்கக்கூடாது. வீட்டு சாமி மாடத்தை வெள்ளைத் தாளால் மூடிவைக்க வேண்டும்.

நோபுயோ வீட்டு மாடம் திறந்தே இருந்தது. தினமும் புதுத் தண்ணீரும் சோறும் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஷூகிச்சி வந்தான். குழாய் ரிப்பேர் வேலை செய்கிறவன். அண்ணனைவிட உருவத்தில் பெரியவன், குரலில் சின்னவன். வந்ததும் அடுப்பங்கரைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான். அது ஒழுகவில்லை. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வீட்ல மிச்சம் இருந்துச்சு. இருக்கட்டுமேன்னு..."

"மாடத்துல ஒட்டவா?"

"நான் ஒட்டச் சொல்லல."

"ஒட்ட வேண்டாமா?"

"நான் வேண்டாம்னும் சொல்லல. அண்ணி, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த வருஷம் நான் பல்லக்குக் கம்பைத் தொடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்ன தோணினா என்ன?" அவன் எழுந்து நின்றுவிட்டான். "நீங்க பொண்டாட்டி. நான் தொட்டா, 'அண்ணன் செத்துக் கெடக்கான், இவன் தீட்டோட சாமியைத் தூக்கறான்'ம்பாங்க. தொடலைன்னா, 'உயிரோட இருக்கற அண்ணனை இவனே சாகடிச்சிட்டான்'ம்பாங்க. நான் எந்தப் பக்கம் அண்ணி போறது?"

நோபுயோ அவனைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. பாவமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"சாப்டுட்டுப் போறியா? காளான் சோறு வச்சிருக்கேன்."

"நீங்க ஒரு வார்த்தை..."

"சோத்தைச் சாப்டு, ஷூகிச்சி."

அவன் சாப்பிட்டான். சூப்பைக் குடித்தபோது ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். உப்பே இல்லை. மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போனான். வெள்ளைத் தாள் மேசைமேலேயே கிடந்தது. அதன்மேல் தேநீர்க் கெண்டியை வைக்கப் போனவள், வேண்டாம் என்று அதை எடுத்து அலமாரியில் எங்கேயோ செருகினாள்.

ஓய்வுக்கூடத்தின் மறுபாதியில் இத்ஸுகோ நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். நோபுயோ வயதுதான். வாய் மட்டும் நாலு பேருக்கு உள்ளது. மதியம் ஆள் குறைந்ததும் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நோபுயோ முன்னால் டங்கென்று வைத்தாள்.

"குடி. எலும்பும் தோலுமா ஆயிட்ட. உன்னைப் பாத்து மலைக்கு வர்றவன் திரும்பிப் போயிடுவான், 'ஐயோ, மலைக்குப் போனா இப்படித்தான் ஆவாங்களா'ன்னு."

"பசிக்கலைடி."

"உனக்குப் பசிக்குதான்னு கேட்டேனா? குடின்னேன்." எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "ஏண்டி, ஒரு தடவை அழுதுடேன். நான் வேணா கதவைச் சாத்திக்கறேன்."

"வரலையே இத்ஸுகோ."

"வெங்காயம் நறுக்கித் தரவா?"

நோபுயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்ஸுகோவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க அவள் கண்தான் கலங்கியது. முந்தானை மாதிரி கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். உரிமைப்பட்டவளுக்கு வராத அழுகை ஊரில் எல்லாருக்கும் வருகிறது, என்ன செய்ய!

அன்றைக்குக் கடைசிக்கு முந்தின பேருந்தில் ஒரு ஆள் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல காலணி, நல்ல பை, ஆனால் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மேசைக்கு எதிரில் வந்து நின்று, வரைபடத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"ராத்திரி விடுதியில தங்கிட்டு நாளைக்கு ஏறணும். மழை வருமா?"

"மதியத்துக்கு மேல வரலாம். விடியக்காலையிலயே கிளம்பிடுங்க. குடை வேண்டாங்க, மேலே காத்து..."

"ஒரு விஷயம் கேக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்ல துக்கம். என் மனைவி. போன மாசம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வர்றதா இருந்த பயணம் இது. மகள்தான், 'நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்கப்பா'ன்னு அனுப்பிச்சா. பேருந்துல வரும்போதுதான் ஞாபகம் வந்துது, துக்க வீட்டுக்காரன் வாசல் தாண்டக் கூடாதே. திரும்பிப் போயிடட்டுமா?"

"திரும்பிப் போக வேண்டாங்க," என்றாள் நோபுயோ. இதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. வருஷத்துக்குச் சில பேராவது இதைக் கேட்பார்கள். "வாசல் வழியா மட்டும் போகாதீங்க. தோரண வாசலுக்கு இடப்பக்கம் ஒரு பெரிய தேவதாரு நிக்கும். அதுக்குப் பின்னால ஒத்தையடிப் பாதை ஒண்ணு சுத்திப் போய் அந்தப் பக்கம் சேரும். துக்கக்காரங்களுக்குன்னே உள்ள வழி அது. உச்சியில கோயிலுக்குள்ள போக வேண்டாம், வெளியில நின்னு தலை குனிஞ்சுட்டு வந்துடுங்க. மலையில நடக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல."

"சாமிக்குக் கோபம் வராதே?"

"கோபத்துக்காக இல்லங்க. சாவு விழுந்த வீட்டுக்காரங்க களைச்சுப் போயிருப்பாங்க. அந்த நேரத்துல சாமி முன்னாடி நேரா நின்னு பேச வேண்டாம், கொஞ்ச நாள் ஓரமா இருந்துட்டு வரட்டும்னு விட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

இது பதிலில் வழக்கமாக இருக்கும் வரிதான். மாமனார் இறந்த வருஷம் தெய்ஜி சொன்னது. ஐம்பது நாளும் சுமையோடு அந்த ஒற்றையடிப் பாதையில்தான் ஏறினான். 'களைச்சுப்போன ஆளைப் பாத்து சாமியே, போடா, ஓரமா போடாங்குது. நல்ல சாமிடி' என்றான்.

அந்த ஆள் தோளில் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "செத்துட்டாங்கன்னு சொல்றதுக்கே நாக்கு வரமாட்டேங்குது. இப்பத்தான் மொதல் தடவையா, தெரியாத ஒருத்தர்கிட்ட சொல்றேன்" என்றார்.

"மணி எடுத்துக்கோங்க," என்றாள் நோபுயோ. "மேகம் இறங்கிச்சுன்னா நடக்காதீங்க. உக்காந்து ஆட்டுங்க. யாராவது வருவாங்க."

அவர் மணியை வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கிப் போனார். பொத்தான் தள்ளிப் போட்டிருப்பதை அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஆணியில் தொங்கிய மணி கண்ணில் பட்டது. தினமும் படுவதுதான். அன்று அவள் அதைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றாள். பிறகு நேராக ஷூகிச்சி வீட்டுக்குப் போனாள். அவன் வண்டியிலிருந்து குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மலை ஏறப் போறேன்," என்றாள்.

"நீங்களா? உச்சிக்கா?"

"அந்தப் பாறை வரைக்கும். சட்டம் இருந்த இடத்தை நான் பாக்கவே இல்ல. சாத்திட்டாங்கன்னா அடுத்த வருஷம்தான்."

ஷூகிச்சி கையைத் துடைத்துக்கொண்டான். அவன் கேட்கப் போவது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, அப்படின்னா... வாசல் வழியாவா?"

"வாசல் வழியாத்தான். எங்க வீட்ல என்ன துக்கம்? என் புருஷன் மலைக்குப் போயிருக்கார், இன்னும் வரலை, நான் பாக்கப் போறேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றான் அவன் மெதுவாக.

"நாளைக்கு நீங்கள்லாம் திருவிழாவுக்காக வாசல் மேல புதுக் கயிறு கட்டப் போறீங்கல்ல? நின்னு பாத்துக்கோ. நான் வாசலுக்குள்ள நுழைஞ்சுட்டேன்னா, திருவிழாவுல நீ கம்பைப் பிடி. யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது."

ஷூகிச்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெரிய ஆள், குழந்தை மாதிரி தலையை ஆட்டினான். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள் நோபுயோ. அவனும் அண்ணன் வருவான் என்றுதான் ஆசைப்படுகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையில் வானம் வெளுத்துத் தெளிவாக இருந்தது. நோபுயோ மலை யாத்திரைக்கான வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டாள், கல்யாணமான புதிதில் ஏறியபோது போட்ட அதே உடுப்பு, இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. சோற்று உருண்டை இரண்டு கட்டிக்கொண்டாள். மழைக்கோட்டு எடுத்துக்கொண்டாள், குடை எடுக்கவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டாள். ஆணியிலிருந்த தெய்ஜியின் மணியை எடுத்து இடுப்புக் கயிற்றில் கட்டினாள். ஊரில் பிறந்த ஒருத்தனும் செய்யாததை, சொன்னது சொன்னபடி, கடற்கரையிலிருந்து வந்தவள் செய்தாள்.

தோரண வாசலில் ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் வைக்கோல் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய பூசாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷூகிச்சி ஏணிக்குக் கீழே நின்று கயிற்றின் ஒரு முனையைத் தோளில் வைத்திருந்தான். நெற்றியில் திருவிழாத் துணி கட்டியாகிவிட்டது. அதற்குள் அவ்வளவு நம்பிக்கை! இத்ஸுகோ கடையைத் திறக்காமல் ஓரமாக வந்து நின்றிருந்தாள். மணிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கயிறு முறுக்குவதை நிறுத்திவிட்டு, நிறுத்தாத மாதிரி காட்டிக்கொண்டார்கள்.

"சீக்கிரமே கிளம்பிட்டீங்களே, நோபுயோம்மா," என்றார் பூசாரி.

"ஆமாங்கய்யா. மதியத்துக்கு மேல மழை வரலாம்."

வாசலை நெருங்கினாள். இங்கே நின்று ஒரு தடவை குனிய வேண்டும். குனிந்தாள். நடுவில் நடக்கக்கூடாது, நடு சாமியின் வழி. ஓரமாகப் போக வேண்டும். எல்லாருக்கும் அவள்தானே சொல்கிறாள். ஓரமாக ஒதுங்கினாள். மனசில் ஒன்றுமே இல்லை. ஊற்று எவ்வளவு தூரம், பாறை எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தாள். காலடியில் ஊசியிலைகள் மெத்தென்று இருந்தன. நிழல் விழுந்தது, குளிர்ந்தது. கையை நீட்டி எதையோ பிடித்துக்கொண்டு ஒரு வேரைத் தாண்டினாள். மறுபடி வெயில் வந்தது. பாதை வந்தது. நிமிர்ந்தாள்.

தோரண வாசல் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் கை தேவதாருவின் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. வாசலைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தான் வந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள். அந்தப் பாதையில் அவள் இதற்கு முன்னால் ஒரு நாளும் நடந்ததில்லை, எத்தனையோ பேருக்குக் கை நீட்டிக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். வாசலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள். இத்ஸுகோ சமையல் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

எங்கேயோ மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யார் அடிக்கிறார்கள் என்று நோபுயோ திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பில்தான். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

'ஐயோ, எனக்குத் தெரிஞ்சிருக்கே,' என்று நினைத்தாள். 'எனக்கு மொதல் நாள்லேர்ந்தே தெரிஞ்சிருக்கே.'

ஷூகிச்சி கயிறும் தோளுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது. அவன் கேட்ட கேள்வி இன்னும் அந்த வாயிலேயே இருந்தது.

"ஷூகிச்சி," என்று கூப்பிட்டாள். மேசைக்குப் பின்னாலிருந்து பேசும் அதே குரலில்தான் ஆரம்பித்தாள். தெளிவாக, அவசரமில்லாமல். "கம்பை நீ தொடாதேப்பா. வேற யாராவது பிடிக்கட்டும்."

அவ்வளவுதான் அந்தக் குரலால் முடிந்தது. அடுத்த வார்த்தை வார்த்தையாக வரவில்லை. தேவதாருவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, கடற்கரையில் படகு திரும்பாத வீட்டுப் பெண்கள் அழுவார்களே, அப்படி அழுதாள். மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது எப்படிக் குத்துமோ அப்படி உடம்பெல்லாம் குத்தியது. அடிவாரமே அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. 'கடல்காரிக்கு நெஞ்சும் உப்புக்கண்டம்' என்று பேசியவனும் அங்கேதான் கையில் வைக்கோலோடு நின்றான்.

ஷூகிச்சி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். பக்கத்திலிருந்தவன் அதை வாங்கிக்கொண்டான். நெற்றித் துணியை அவிழ்த்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் பூசாரியின் கையில் கொடுத்தான். பிறகு வாசலை விட்டு விலகி, தேவதாருவுக்குப் பின்னால் போய், அந்த ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தான்.

"அண்ணி, வீட்டுக்குப் போலாம். மாடத்துல தாள் ஒட்டணும்."

"ஒட்டலாம். அந்தத் தாளை எங்கே செருகினேன்னு தெரியலை. வந்து தேடிக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல மேல போயிட்டு வந்துடலாம். உன்கிட்ட தண்ணி இருக்கா?"

"இல்ல அண்ணி."

"மழைக்கோட்டு?"

"இல்ல."

"மணி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை தடவைடா சொல்றது உங்களுக்கெல்லாம்!" என்று கத்தினாள் நோபுயோ. கத்திவிட்டு மறுபடியும் அழுதாள். அழுதுகொண்டே தெய்ஜியின் மணியை அவிழ்த்து, ஷூகிச்சியின் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பிறகு அவனை முன்னால் நடக்கவிட்டு, மணிச் சத்தத்தைக் கேட்டபடியே பின்னால் ஏறினாள்.